நிறைவைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

காலை ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ரோட்டைக் கடக்க முயன்றிருக்கிறீர்களா? முயலாதீர்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் இரண்டே இரண்டு ரக வண்டிகள்தான் கண்ணில் படும். ஒன்று, கம்பெனி பஸ். உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்த இளைஞர்கள் யூனிஃபார்மோடு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, மஞ்சள் நிற காலேஜ் பஸ். உள்ளே காதில் வயர் மாட்டிய பிள்ளைகள்.

அந்தக் காலேஜ் பஸ்ஸின் முன் சீட்டுகளில், மடியில் சாப்பாட்டுப் பையோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் கவனிப்பதில்லை. பிள்ளைகள் வண்டியில் கலாட்டா செய்யாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

அவர்கள்தான் உதவிப் பேராசிரியர்கள்.

ஒரகடத்தில் ஒரு வேலையாகப் போன நான், வழியில் டீக்கு இறங்கிய இடத்தில் அப்படி ஒருவரைச் சந்தித்தேன். காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். வயது நாற்பதுக்குள். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. ஐ.டி. கார்டைக் கழுத்தில் போட்டுச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய்தான் குடித்திருப்போம். பைக் ஒன்று சர்ரென்று வந்து நின்றது. கம்பெனி யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன் குதித்து இறங்கினான்.

"சார்! என்னை ஞாபகம் இருக்கா?"

"தெர்மோடைனமிக்ஸ் மூணாவது அட்டெம்ப்ட்ல பாஸ் பண்ணவன்தானே நீ?"

பையனுக்கு முகமெல்லாம் பல். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் இன்ஜினீயராக இருக்கிறானாம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். "பத்திரிகை குடுக்க வீட்டுக்கே வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

அவர் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு பதினாலு வருஷ சர்வீஸ் சார். இவனுக்கு நாலு வருஷம். என்னைவிட எட்டாயிரம் கூட வாங்கறான்."

என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "தப்பா நினைக்காதீங்க. அவன் என்னைத் தாண்டிப் போனதுல வருத்தமே இல்ல. தாண்டிப் போறதுக்குத்தானே சொல்லிக் குடுக்கறோம்? நான் நின்ன இடத்துலயே நிக்கறேனே, அதுதான்..."

* * *

ஷேர் ஆட்டோ வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் தன் ஒரு வருடத்தையே சொல்லி முடித்துவிட்டார்.

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். "அது பிரச்னையே இல்ல சார், இருபது மணி நேரம்கூட எடுப்பேன்" என்றார். பிரச்னை மிச்ச நேரத்தில்தான். காலேஜின் தர மதிப்பீட்டுக்காக ஃபைல் மேல் ஃபைல். வராத பையன்களின் அப்பாக்களுக்கு போன். ரிசல்ட் சதவீதம் குறைந்தால் மெமோ. ஏப்ரல், மே வந்தால் அட்மிஷன் டூட்டி. ஆளுக்கு ஐந்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய், பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். சேர்க்கை குறைந்தால் அந்த வருடம் சம்பளமும் தவணையில்தான் வரும்.

"அம்பது நிமிஷ பீரியட்ல மட்டும்தான் சார் நான் வாத்தியார். மிச்ச நேரம் குமாஸ்தா, புரோக்கர், கண்டக்டர்."

"வேற காலேஜுக்குப் போயிடலாமே?"

"ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவுல இருக்கு."

2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை, 20 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேருக்கு நான்கு ஆசிரியர் தேவைப்பட்ட இடத்தில் மூன்று போதும். நாலில் ஒருவர் ஒரே நாளில் உபரியாகிவிட்டார். நண்பர் தப்பித்த மூவரில் ஒருவர். தப்பித்தவருக்கு வாய் இருக்குமா?

ஆனாலும் ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். மூன்று வருடமாக இன்கிரிமென்ட் இல்லை என்று நிர்வாகத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், டீச்சிங் புனிதமான தொழில். உங்களுக்குக் கிடைக்கிற மனநிறைவு எங்களுக்குக் கிடைக்குமா? அதுக்கு விலை போட முடியுமா?"

நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும் இந்த வாக்கியம் என்னை விடவில்லை.

* * *

அடியேன் பி.காம். எதற்கும் விலை போட முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கை அரிக்கும்.

முதலில், நிர்வாகம் சொன்னது புது விஷயம் அல்ல. 1776-ல் வெளியான தன் புகழ்பெற்ற புத்தகத்தில் ஆடம் ஸ்மித் இதை எழுதியிருக்கிறார். செய்வதற்குச் சிரமமான, அருவருப்பான வேலைக்குக் கூலி கூடும். இனிமையான, கௌரவமான வேலைக்குக் கூலி குறையும். கௌரவமே கூலியில் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பது அவர் வாதம். ஸ்மித்தே ஒரு காலேஜ் வாத்தியார்தான். 1764-ல் பாதியில் கிளாஸ்கோ பல்கலைக்கழக வேலையை விட்டபோது, பாடத்தை முடிக்கவில்லையே என்று மாணவர்களிடம் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று மறுத்த மாணவர்களின் கையில் வற்புறுத்தித் திணித்தார் என்று சொல்வார்கள்.

ஆக, ஸ்மித் கணக்குப்படி மனநிறைவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமா?

ஒரு நிமிடம். ஸ்மித்தின் வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேலை செய்கிறவன் பிடித்தால் இருக்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம் என்ற சுதந்திரம் இருக்க வேண்டும். சர்ட்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "நீங்கள் நிறைவுக்காகத்தானே இருக்கிறீர்கள்" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சந்தை நியாயம் பேசுகிறவர் முதலில் பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் பேச வேண்டும்.

அடுத்தவர் ஹெர்ஸ்பர்க். பி.காம்., எம்.பி.ஏ. படித்தவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பெயர். 1950-களின் கடைசியில் இந்த அமெரிக்க மனவியல் நிபுணர் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினீயர்களையும் அக்கவுன்டன்ட்களையும் உட்காரவைத்து இரண்டே விஷயம் கேட்டார். வேலையில் ரொம்ப சந்தோஷமாக இருந்தது எப்போது? ரொம்ப வெறுத்துப்போனது எப்போது?

இரண்டு பதில்களும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. சந்தோஷத்துக்குக் காரணமாகச் சொன்னது வேலையையே: சாதித்தது, பாராட்டு, பொறுப்பு. வெறுப்புக்குக் காரணமாகச் சொன்னது வேலையைச் சுற்றியிருக்கிற சூழலை: நிர்வாகத்தின் விதிகள், மேலதிகாரி, சம்பளம், பணியிடம். 1959-ல் புத்தகமாக வந்தது. சந்தோஷம் வந்தால் தன் திறமை என்றும், துக்கம் வந்தால் அடுத்தவன் தவறு என்றும் சொல்வது மனித சுபாவம்தானே என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. அது இருக்கட்டும். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நிறைவும் வேதனையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. இரண்டும் தனித்தனித் தராசு. ஒரு மனிதர் ஒரே நாளில், ஒரே வேலையில், முழு நிறைவோடும் முழு வேதனையோடும் இருக்க முடியும்.

டீக்கடை நண்பரைப் பார்த்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இதையே கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். ஒரு மளிகைக் கடைக்காரரிடம் பத்து லட்ச ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. பாங்கில் ஒன்பது லட்சம் கடன். அவர் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டையும் கழித்து, "சொத்து ஒரு லட்சம்" என்று மட்டும் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். சொத்தைச் சொத்துப் பக்கமும், கடனைக் கடன் பக்கமும் முழுசாகக் காட்ட வேண்டும். கழித்துக் காட்டுவது, கடனை மறைப்பதற்குச் சமம்.

வகுப்பறையில் கிடைக்கிற நிறைவு ஆசிரியரின் சொத்து. அதை அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கினார்கள். கொடுக்காத சம்பளம் நிர்வாகத்தின் கடன். அடுத்தவர் சொத்தைக் காட்டி என் கடனைக் கழித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

* * *

'புனிதம்' என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் கோர்ட் வரலாறே உண்டு.

கோவாவில் சுந்தராம்பாள் என்ற ஆசிரியை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1988-ல் தீர்ப்பு வந்தது. கல்வி நிலையம் 'தொழில்'தான், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல. கற்பிப்பது ஓர் உன்னதப் பணி, அதை உடலுழைப்பு, குமாஸ்தா வேலை போன்றவற்றோடு சேர்க்க முடியாது. ஆகவே தொழில் தகராறு சட்டத்தின் கதவு அவருக்குத் திறக்காது. ஆசிரியர்களுக்கென்று பாதுகாப்பு தேவை, அரசு அதற்கு வழி செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னார்கள். மாலை போட்டு மரியாதையாக வெளியே உட்காரவைத்த மாதிரி ஆயிற்று.

கிராஜுவிட்டி கதை இன்னும் சுவாரஸ்யம். ஆசிரியர்கள் அந்தச் சட்டத்தின் 'ஊழியர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்தே அவர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில்தான் திருத்தம் செல்லும் என்று முடிவானது. ஆசிரியரும் ஓர் ஊழியர்தான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ள நமக்கு இவ்வளவு காலம்.

நண்பரின் காலேஜ் பஸ் போகிற அதே நெடுஞ்சாலையில்தான் சுங்குவார்சத்திரம் இருக்கிறது. அங்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. அதன் சரி, தவறை இங்கே நான் பேசவில்லை. அவர்களுக்குப் பிரச்னையைக் கூட்டாகச் சொல்ல ஒரு வழி இருந்தது, அவ்வளவுதான். கல்லூரி ஆசிரியர்களுக்கும் மூட்டா, ஏ.யு.டி. போன்ற சங்கங்கள் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அவர்கள் போராடிப் பெற்றது நிறைய. சுயநிதிக் கல்லூரியில் சங்கம் என்று வாயெடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பீரோ சொல்லும்.

தனியார்தான் இப்படி என்று அரசாங்கமும் நழுவ முடியாது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. 2024-ல் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர்கள் வாங்கியது 25,000. பெயரிலேயே 'கௌரவம்' இருக்கிறதே, பாதியை அதில் கழித்துவிட்டார்கள் போலிருக்கிறது!

* * *

இந்தக் கட்டுரைக்காக ஒரு சின்னக் கல்லூரியின் தாளாளரிடமும் பேசினேன். அவர் வில்லன் இல்லை.

"பாதி சீட் காலி சார். ஸ்காலர்ஷிப் பணம் எப்ப வரும்னு தெரியாது. பஸ்ஸுக்கு டீசல் போடணும், கரன்ட் பில் கட்டணும், பாங்குக்கு வட்டி கட்டணும். அதுக்கப்புறம்தான் சம்பளம்."

உண்மையாகவே பேசினார். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டி இன்ஜினீயரிங் கல்லூரிகள் இருந்தன. ஊருக்கு ஊர் திறந்துவிட்டு, மாணவர்களைத் தேடி அலைந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அவர் சொன்ன வரிசையைக் கவனித்தீர்களா? டீசலைக் கடனாகக் கேட்டால் பங்க்காரர் கொடுக்க மாட்டார். மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கிவிடும். பாங்க் ஜப்திக்கு வரும். வாத்தியார் மட்டும் அடுத்த நாளும் வந்து பாடம் நடத்துவார். அதனால் அவர் கடைசி.

நம் வீடுகளிலும் இதேதான். யார் கோபித்துக்கொள்ள மாட்டார்களோ அவர்கள் பாக்கியைத்தான் கடைசியில் தீர்க்கிறோம். வேலையை நேசிக்கிறவனிடம் அந்த நேசத்தையே பிணையாக வாங்கிவிடுகிறோம்.

* * *

நண்பர் சொன்னதில் ஒன்றை இன்னும் எழுதவில்லை. எழுதலாமா என்று யோசித்தேன்.

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள 224 கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர வேலை பார்ப்பதாகப் பதிவாகியிருந்தது. சுமார் 2,000 பணியிடங்களை 189 பேரே நிரப்பியிருந்தார்கள் என்று அன்றைய துணைவேந்தர் வேல்ராஜும் சொன்னார். 'தசாவதாரம்' படத்தில் கமலுக்குப் பத்து வேடம்தான். இங்கே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே ஆள்!

சிரித்துவிட்டோம். ஆனால் அப்படிப்பட்ட நாளில், அங்கே நிஜமாகவே வேலை பார்க்கிற ஆசிரியர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யாராவது யோசித்தோமா?

"இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு முன்பின் தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்கார வெச்சாங்க. 'நம்ம டிபார்ட்மென்ட் சீனியர் சார்'னு நான்தான் அறிமுகம் செய்யணும். செஞ்சேன். மறுநாள் கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து, 'நேத்து வந்தாரே, அந்த சார் எங்களுக்கு எப்ப கிளாஸ் எடுப்பார்?'னு கேட்டா. லீவுல போயிருக்கார்னு சொன்னேன். சொல்லிட்டு புஸ்தகத்தைத் திறந்தேன். அன்னிக்கு என்ன பாடம் தெரியுமா சார்? புரொஃபஷனல் எதிக்ஸ்."

இன்ஜினீயர்களுக்குத் தொழில் தர்மம் சொல்லித் தரும் பாடம்.

"பதினாலு வருஷத்துல சம்பளம் வராத மாசம்கூட தூங்கியிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூங்கல."

வேலை அழுத்தம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை இருப்பதை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். உடம்பு அலுத்துப்போவது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் அது சரியாகிவிடும். இன்னொன்று, எதற்காக இந்த வேலைக்கு வந்தோமோ, அதற்கு எதிராகவே நம்மைச் சாட்சி சொல்ல வைப்பது. அதற்குத் தூக்கம் மருந்தல்ல. அது அந்த ஐம்பது நிமிட நிறைவையும் அரித்துவிடும். சொத்துக்கும் தேய்மானம் உண்டு என்பது பி.காம். முதல் வருடப் பாடம். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகு அவருடைய சொத்து எவ்வளவு தேய்ந்திருக்கும்?

ஆக, "உங்களுக்குத்தான் மனநிறைவு இருக்கிறதே" என்று சொல்கிற நிர்வாகம், அதைக் காட்டிச் சம்பளத்தையும் குறைத்து, பொய் சொல்லவைத்து அந்த நிறைவையும் கெடுக்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

* * *

ஸ்ரீபெரும்புதூர் என்றால் எனக்குத் தொழிற்சாலைக்கு முன்னால் ராமானுஜர்தான் ஞாபகம் வருவார். 1017-ல் அவர் பிறந்த ஊர். காஞ்சிபுரம் பக்கத்தில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் படிக்கப் போனார். மாணவன் ஆசிரியரின் விளக்கத்தையே மறுக்க ஆரம்பித்தான். பொறுக்க முடியாத ஆசிரியர், காசி யாத்திரைக்கு அழைத்துப் போய் அவனைத் தீர்த்துக்கட்டவே திட்டம் போட்டார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். அதே யாதவப்பிரகாசர் பிற்காலத்தில் அந்த மாணவனுக்கே சீடராகி, கோவிந்த ஜீயர் என்ற பெயர் பெற்றார் என்றும் சொல்கின்றன.

ஓர் ஆசிரியர் படக்கூடிய வேதனையும் அடையக்கூடிய நிறைவும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. ஒரு மாணவன் தன்னைத் தாண்டிப் போவதை ஏற்றுக்கொள்ள யாதவப்பிரகாசருக்கு ஒரு வாழ்நாள் ஆயிற்று. நம் டீக்கடை நண்பருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர்களைத்தான் வீட்டுத் திண்ணைகளுக்கு அனுப்பி ஆள் பிடிக்கச் சொல்கிறோம்.

'சொல்கிறோம்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நமக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போகிறோம். என்ன கேட்கிறோம்? பிளேஸ்மென்ட் எத்தனை பர்சென்ட்? ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி? பஸ் எங்க தெருவுக்கு வருமா? அடுத்த தடவை இன்னும் மூன்று கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருஷம் தங்குகிறார்கள்? மாசா மாசம் சம்பளம் போகிறதா? அவர்கள் ஒரிஜினல் சர்ட்டிபிகேட் யாரிடம் இருக்கிறது? பதில் வராமல் போகலாம். ஆனால் பத்துப் பெற்றோர் கேட்டால் பதினோராவது பெற்றோருக்காகவாவது ஒரு பதிலைத் தயார் செய்வார்கள்.

அன்றைக்கு ஷேர் ஆட்டோ வந்ததும் நான் அவசரமாகப் பர்ஸை எடுத்தேன். டீ மாஸ்டர் கையை ஆட்டினார். "அந்த பைக் தம்பி ரெண்டு டீக்கும் குடுத்துட்டாரு சார்."

நண்பருக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? இதுக்காகத்தான் சார் இருக்கேன். ஆனா இதைச் சொன்னா ஹவுஸ் ஓனர் வாடகையில கழிச்சுக்க மாட்டேங்கறாரே!"